ஏழு நாயும் ஐப்பசி மழையும்: உங்கள் வீட்டில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பனிமூட்டம் | ஒக்டோபர் 14, இரவு 8.10

ஹப்புத்தளையிலிருந்து பண்டாரவளைக்கு இறங்கும் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர். மேல்பாதி தேயிலை, கீழ்ப்பாதி மரக்கறி, நடுவில் தகரக்கூரை வீடு. பிள்ளைகள் இரண்டு பேரும் கொழும்பில். வீட்டுக்காரர் போய் ஆறு வருடம். இப்போது துணைக்கு ஏழு நாய். பயப்பட வேண்டாம், ஏழையும் நான் தேடிப் போகவில்லை. ரோசியையும் டைகரையும் மட்டும்தான் கேட்டு வாங்கினேன். கறுப்பி, லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டை, விட்டுப் புது வீட்டுக்குப் போன ஒரு குடும்பம் விட்டுவிட்டுப் போனது. மணியும் வெள்ளையனும் பஸ் நிற்கும் இடத்தில் உரச்சாக்குக்குள் கிடந்தவர்கள். மற்ற இரண்டும் தாமாக வந்து படுத்துக்கொண்டன. பெயர்கூட வைக்கவில்லை. பெரிய குட்டி, சின்னக் குட்டி என்று கூப்பிடுகிறேன், இரண்டும் வளர்ந்து தடியாகிவிட்ட பிறகும்.

ஆடியிலிருந்து அடித்த கச்சான் காற்று புரட்டாசியோடு அடங்கிவிட்டது. இப்போது தினமும் இரண்டு மணிக்கு இடி, நாலு மணிக்கு மழை, ஆறு மணிக்கு வாசல் தெரியாத மூட்டம். ஐப்பசி இன்னும் பிறக்கவே இல்லை. இனித் தை வரைக்கும் இதுதான். வெயில் காலத்தில் ஏழு நாய் வளர்ப்பது ஒரு வேலையே இல்லை, அதுகள் பாட்டுக்குச் சுற்றிவிட்டுச் சவுக்கு நிழலில் தூங்கும். மழை வந்தால் ஏழும் ஒரே இஸ்தோப்பில், வீட்டு முன் திண்ணையில். சேறு, ஈர நாய் வாடை, அட்டை. அட்டை விழுந்த பிறகும் கடிவாயில் இரத்தம் நிற்காதே, காலையில் தரையைப் பார்த்தால் யாரோ கோழி அறுத்த மாதிரி இருக்கிறது.

கேட்க வந்தது இரண்டு. ஒன்று, இத்தனை நாயை எப்படிக் காய வைக்கிறீர்கள்? இரண்டாவதுதான் முக்கியம். கறுப்பி நாலு நாளாகத் தும்முகிறாள். இன்று மூக்கிலிருந்து இரத்தம் வந்தது. சாப்பாடு குறையவில்லை. யாருக்காவது அனுபவம் உண்டா?

மஸ்கெலியா மைனா | ஒக்டோபர் 14, இரவு 8.42

மூக்கு விஷயம் தெரிந்தவர்கள் சொல்லட்டும் அக்கா. நான் வேறு ஒன்று கேட்கிறேன். ராத்திரி எங்கே படுக்கிறார்கள்? இஸ்தோப்பிலா? கட்டியா, அவிழ்த்தா?

எங்கள் பக்கம் மூட்டம் இறங்கினால் சிறுத்தையும் இறங்கும். போன வருடம் இதே மாதம், எங்கள் லயத்துக் கடைசிக் காம்பராவில் சங்கிலியில் கட்டியிருந்த நாய். காலையில் சங்கிலியும் கழுத்துப் பட்டியும் மட்டும் இருந்தன. ஒரு சத்தம் கேட்கவில்லை. மற்ற நாய்கள் எல்லாம் காம்பராவுக்குள் ஓடி வந்து கட்டிலுக்கடியில் நுழைந்துகொண்டன. அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

சவுக்குமரம் | ஒக்டோபர் 14, இரவு 9.30

தங்கச்சி, நான் ஹட்டன் பக்கம். முப்பத்தொரு வருடம் தோட்டத்தில் வேலை பார்த்தவன். நாய் காய வைப்பதற்குத் துவாய் போதாது. துவாயால் ஏழு நாயைத் துடைத்தால் பிறகு அந்தத் துவாயைக் காய வைக்க வெயில் வேண்டும், அதற்கு எங்கே போவது?

எங்கள் அம்மா செய்தது இது. அடுப்படிக்கு வெளியே, புகைபோக்கிச் சுவர் சூடேறும் இடத்தில் நாலு பலகை அடித்து ஒரு மேடை. தரையிலிருந்து ஒரு சாண் உயரம் போதும். அதன் மேல் கோணிச்சாக்கு. உரச்சாக்கு வேண்டாம், அது தண்ணீரை உறிஞ்சாது, எவ்வளவு கழுவினாலும் உரம் போகாது, நாய் நக்கும். சாயங்காலம் மிலாறு, அதுதான் காய்ந்த தேயிலைக் குச்சி, போட்டு அடுப்பெரித்தால் அந்தச் சுவர் விடியும் வரை இளஞ்சூடாக இருக்கும். நாய்களுக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டாம். முதல் நாளே யாருக்கு எந்த இடம் என்று அதுகளே சண்டை பிடித்து முடிவு செய்துகொள்ளும். உங்கள் ரோசி சுவரோரம் படுப்பாள், பாருங்கள்.

அட்டைக்கு உப்புத்தூள் போடும் பழக்கம் இருந்தால் விரலிடுக்கில் போடாதீர்கள், கடிவாயில் பட்டு எரியும். நகத்தால் அட்டையின் வாய்ப் பக்கத்தை ஓரமாகத் தள்ளினாலே விட்டுவிடும். கண்ணிமையில் இருந்தால் அதுதான் ஒரே வழி.

ஊசிமருந்து | ஒக்டோபர் 15, காலை 6.15

பதுளைப் பக்கம் கால்நடைக் காரியாலயம் ஒன்றில் வேலை செய்கிறேன். வைத்தியர் இல்லை, வைத்தியரோடு மலை மலையாகப் போய் ஊசி போடுகிறவன். அக்கா, நாலு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

இரத்தம் ஒரு மூக்குத் துவாரத்திலா, இரண்டிலுமா? உதட்டைத் தூக்கிப் பாருங்கள், ஈறு சிவப்பாக இருக்கிறதா, வெளுத்திருக்கிறதா? காது மடலுக்குள், விரலிடுக்கில் உண்ணி இருக்கிறதா? கடைசியாக, எங்கே தண்ணீர் குடிக்கிறாள்?

ஏன் கேட்கிறேன் என்றால், உண்ணிக் காய்ச்சலிலும் மூக்கில் இரத்தம் வரும். ஈறு வெளுத்து, உடம்பு சுட்டு, சோறு வேண்டாம் என்று படுத்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது, இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால் எனக்கு வேறொரு சந்தேகம்.

பனிமூட்டம் | ஒக்டோபர் 15, காலை 7.05

இடது துவாரத்தில் மட்டும் தம்பி. ஈறு நல்ல சிவப்பு. உண்ணி இரண்டு எடுத்தேன், இரண்டும் டைகரின் காதில், அவளிடம் இல்லை. தண்ணீர் வீட்டில் வைத்தாலும் குடிக்க மாட்டார்கள். ஏழு பேருக்கும் மேலே காட்டோரப் பீலியில் ஒழுகி வரும் ஊற்றுத் தண்ணீர்தான் வேண்டும்.

மைனா, ராத்திரி அவிழ்த்துத்தான் விடுகிறேன். காவலுக்குத்தானே நாய்?

ஊசிமருந்து | ஒக்டோபர் 15, பகல் 12.40

நினைத்தேன். நாசி அட்டை.

இது காலில் ஏறும் தரை அட்டை இல்லை, வேறு சாதி. ஓடையிலும் பீலிக் குட்டையிலும் நூல் மாதிரிக் குட்டியாக இருக்கும். மாடோ நாயோ குனிந்து குடிக்கும்போது மூக்குக்குள் ஏறி, உள்ளேயே ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் இரத்தம் குடித்து வளரும். மாட்டில் நான் விரல் நீளத்துக்கு எடுத்திருக்கிறேன்.

கிராமத்து வழி இது: அரை நாள் தண்ணீர் காட்டாமல் வையுங்கள். பிறகு வெள்ளைக் கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீரை மூக்குக்கு நேரே பிடியுங்கள், குடிக்க விட வேண்டாம், மூக்கு நனைந்தால் போதும். அட்டை தண்ணீரைத் தேடி வெளியே தலை நீட்டும். வெறும் விரலால் பிடிக்க முடியாது, வழுக்கும். காய்ந்த துணி அல்லது இமை முடி பிடுங்கும் சாமணம். பிடித்ததும் வெடுக்கென்று இழுக்காமல், இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தால் அதுவாக விடும். மூக்குக்குள் உப்பு, எண்ணெய், புகையிலைச் சாறு எதுவும் ஊற்றாதீர்கள். இரண்டு தரம் செய்தும் வராவிட்டால் வைத்தியரிடம் கொண்டு வாருங்கள், மயக்கிவிட்டு எடுப்பார்.

இதோடு இன்னொன்று. செப்டெம்பர் 28 உலக விசர்நாய்க்கடி தினம், அந்தக் கிழமை நாங்கள் இலவசமாக ஊசி போட்டுக்கொண்டு வந்தோம். ஏழுக்கும் போட்டீர்களா?

பனிமூட்டம் | ஒக்டோபர் 15, பகல் 1.10

ஐந்துக்குப் போட்டேன். குட்டிகள் இரண்டும் அன்று பிடிபடவில்லை.

ஊசிமருந்து | ஒக்டோபர் 15, பகல் 1.14

அப்படியென்றால் போடவில்லை என்றுதான் அர்த்தம். எல்லாம் ஒரே பாத்திரத்தில் சாப்பிடுகிற கூட்டம். காரியாலயத்துக்குக் கொண்டு வாருங்கள், ஊசிக்குக் காசு இல்லை.

கரட்பாத்தி | ஒக்டோபர் 16, மாலை 6.20

வெலிமடை. இந்த இழையில் எல்லாரும் நாயின் பக்கம் பேசுகிறீர்கள். நான் அடுத்த காணிக்காரன் பக்கம் பேசுகிறேன்.

பெரும்போகத்துக்குக் கரட் விதை தூவி, மேலே வைக்கோல் போட்டு மூடி, மழைத் தண்ணீர் ஓடக் கான் வெட்டி முடித்தேன். மறுநாள் காலை பார்த்தால் பாத்தி பாத்தியாகக் கால் தடம். ஐந்தாறு நாய் ஒன்றையொன்று துரத்தி விளையாடியிருக்கிறது. கரட் விதை என்ன விலை என்று வாங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நாய்க்காரர் சொன்னார், "என்ன செய்வது அண்ணே, நாய்தானே?" நாய்தான். ஆனால் பாத்தி என்னுடையது.

எனக்கும் நாய் இருக்கிறது, ஒன்று. உருளைக்கிழங்கு கிண்டப் பன்றி வந்தால் குரைத்து எழுப்பும், நான் தகரம் தட்டுவேன், அதோடு சரி. ஒரு நாய் வீட்டைப் பார்க்கும். இரண்டு நாய் ஒன்றுக்கொன்று துணை. ஆறு ஏழு சேர்ந்தால் அது பட்டி, அது யார் சொல்லையும் கேட்காது. வீட்டில் காலைச் சுற்றுகிற அதே நாய்கள் கூட்டமாகக் காட்டோரம் போனால் மரைமான் கன்றைத் துரத்திக் கிழிக்கும். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அக்காவைச் சொல்லவில்லை. ஆனால் ராத்திரி ஏழையும் அவிழ்த்துவிடுகிறேன் என்று எழுதியதைப் படித்தபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மஸ்கெலியா மைனா | ஒக்டோபர் 16, இரவு 7.02

பாத்தியைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர் அந்தப் பாத்தியைச் சுற்றிக் கம்பிச் சுருக்கு வைக்காமல் இருந்தால் நல்லது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்கில் மாட்டி, சிகிச்சைக்கு உடவளவைக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. பன்றிக்கு என்று வைப்பது, மாட்டுவது வேறு. எங்கள் பக்கத்தில் இடுப்பில் கம்பி இறுகிச் செத்த நாய்களுக்குக் கணக்கே இல்லை.

கரட்பாத்தி | ஒக்டோபர் 16, இரவு 7.11

நான் சுருக்கு வைப்பதில்லை தம்பி. தகரம் என்று எழுதியிருக்கிறேன், படித்துப் பாருங்கள்.

மஸ்கெலியா மைனா | ஒக்டோபர் 16, இரவு 7.15

படித்தேன் அண்ணே. அவசரப்பட்டுவிட்டேன், மன்னிக்கவும்.

சவுக்குமரம் | ஒக்டோபர் 16, இரவு 8.50

கரட்பாத்தி சொல்வதில் நியாயம் இருக்கிறது. இந்த மலையில் நாய்ப்பட்டி இன்று வந்ததில்லை. சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரர் 1848 இல் நுவரெலியாவில் வந்து குடியேறினார், சீமையிலிருந்து வேட்டை நாய்களையும் கொண்டுவந்து பட்டியாக அவிழ்த்துவிட்டு மரை வேட்டை ஆடினார். அதற்குப் பிறகு வந்த துரைமாரும் பங்களாவில் நாய் வைத்திருந்தார்கள். அந்த நாய்க்கு இறைச்சி வேக வைக்க ஒரு ஆள், நடக்கக் கூட்டிப்போக ஒரு ஆள். எங்கள் தாத்தா அப்படி ஒரு பங்களாவில் நாய்க்காரனாக இருந்தவர். நாய் சாப்பிட்டதைத் தன் பிள்ளைகள் சாப்பிடவில்லை என்று சொல்லுவார், சிரித்துக்கொண்டேதான் சொல்லுவார்.

சரி, அதை விடுவோம். பட்டியைப் பட்டியாக வைத்திருக்க ஆள் வேண்டும் என்று சொல்ல வந்தேன். ஆள் இல்லாவிட்டால் கதவு வேண்டும். தங்கச்சி, ஆறு மணிக்கு மூட்டம் இறங்கும்போது சோறு வையுங்கள், வேறு நேரத்தில் வைக்காதீர்கள். சோறு உள்ளே, நாய் உள்ளே, கதவுக்குத் தாழ்ப்பாள். விடியும் வரை திறக்க வேண்டாம். கட்டவும் வேண்டாம், அவிழ்த்துவிடவும் வேண்டாம். நாலு சுவருக்குள் இருந்தே குரைக்கும், காவலுக்கு அது போதும். சிறுத்தைக்கும் பயமில்லை, அடுத்த வீட்டுப் பாத்தியும் தப்பும்.

பனிமூட்டம் | ஒக்டோபர் 17, இரவு 8.25

கரட்பாத்தி அண்ணே, கோபமில்லை. சொல்ல வேண்டிய ஒன்றை முதல் நாள் நான் எழுதவில்லை. ஆவணியில் என் நாய்கள் பக்கத்து வீட்டில் நாலு முட்டைக் கோழியைக் கொன்றன. காசு கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள், அன்றிலிருந்து அந்த வீட்டு அம்மா என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். எந்த நாய் செய்தது என்று எனக்குத் தெரியாது. தனித்தனியாகப் பார்த்தால் ஏழில் ஒன்றும் அப்படிப்பட்டதில்லை.

பழைய மாட்டுக் கொட்டில் ஒன்று சும்மா கிடக்கிறது, அடுப்படிச் சுவரை ஒட்டி. இன்று ஆள் பிடித்துக் கதவு போட்டேன். ஐயா சொன்ன மாதிரிப் பலகையும் அடித்தாயிற்று. சுவரோரம் படுத்தது ரோசி இல்லை, சின்னக் குட்டி. ரோசி அதைப் பார்த்துக்கொண்டு இரண்டாவது இடத்தில் படுத்திருக்கிறாள். எனக்குத் தெரியாமல் ஆட்சி மாறியிருக்கிறது.

சோறு: ஒரு நாளைக்கு இரண்டு கிலோ குறுணல் அரிசி, பூசணிக்காய், கோழிக்கடையில் தலையும் காலும். குளிர் தொடங்கியதிலிருந்து இரண்டரைக் கிலோ. கொஞ்சம் மஞ்சள், உப்பு இல்லை, வெங்காயம் இல்லை.

கறுப்பியின் மூக்கு விஷயம் தோல்வி. அரை நாள் தண்ணீர் காட்டாமல் வைக்கச் சொன்னீர்கள். இந்த மழையில் எப்படி? பீலிக்குப் போகாமல் பிடித்தால் கானில் குடிக்கிறாள், கானை மறித்தால் வாழைப்பட்டையில் தேங்கினதைக் குடிக்கிறாள். கடைசியில் மற்ற ஆறும் நனைந்து வந்து நிற்க, அதுகளின் முதுகை நக்குகிறாள்.

ஊசிமருந்து | ஒக்டோபர் 17, இரவு 9.02

சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். குளியலறையில் தனியாகப் பூட்டுங்கள். வாளியைக் கவிழ்த்து வையுங்கள்.

கொட்டில் போட்ட கையோடு இன்னொரு வேலை. ஏழில் எத்தனை பெட்டை? மார்கழி மாதத்து நாய் என்று சும்மாவா சொன்னார்கள், மழை தொடங்கினதும் ஊரில் உள்ள கடுவன் எல்லாம் உங்கள் வேலியைச் சுற்றும். சினைப்பட்டால் அறுபத்து மூன்று நாள் கணக்கு. இப்போது விட்டால் தைப்பொங்கலுக்கு முன்பே குட்டி, ஏழு பதினைந்தாகும். அதில் பாதியை யாராவது உரச்சாக்கில் கட்டிப் பஸ் நிற்கும் இடத்தில் வைப்பார்கள். மணியும் வெள்ளையனும் எங்கிருந்து வந்தார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

பனிமூட்டம் | ஒக்டோபர் 17, இரவு 9.10

மூன்று பெட்டை. ரோசிக்கும் கறுப்பிக்கும் கருத்தடை செய்தாயிற்று. சின்னக் குட்டி பாக்கி. தீபாவளி முடிந்ததும் கொண்டுவருகிறேன், விசர் ஊசிக்கும் சேர்த்து.

ரொறன்ரோ தலவாக்கலை | ஒக்டோபர் 18, காலை 5.40

வணக்கம். தலவாக்கலையில் பிறந்து, இப்போது கனடாவில். இங்கே இலையுதிர் காலம். வீதி முழுக்க மேப்பிள் இலை மஞ்சளும் சிவப்புமாகக் கொட்டிக் கிடக்கிறது. என் நாய்க்கு மழைக்கோட்டு, நாலு சப்பாத்து. வீட்டுக்குள் வந்தால் ஹீட்டர். ஒரே ஒரு நாய், அதற்குத் தனி வைத்தியர், தனிக் காப்புறுதி. ஏழு நாய் ஒரு இஸ்தோப்பில் என்று படித்ததும் அந்த வாடை மூக்கில் வந்துவிட்டது. அங்கே இப்போது ரோட்டோரம் காட்டுச் சூரியகாந்தி பூத்திருக்குமே?

பனிமூட்டம் | ஒக்டோபர் 18, காலை 6.30

பூத்திருக்கிறது. மலைச்சரிவெல்லாம் மஞ்சள். வெள்ளையன் அதற்குள் புகுந்து வெளியே வந்தால் அவனும் மஞ்சள்.

மஸ்கெலியா மைனா | ஒக்டோபர் 19, பகல் 2.15

நாளை தீபாவளி. வெடிக்கு முன்னாலேயே எல்லாவற்றையும் உள்ளே போட்டுவிடுங்கள். லயத்தில் விடியற்காலை நாலு மணிக்கே தொடங்கிவிடுவார்கள், எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு முதல் வேலை அதுதான். பயந்து ஓடுகிற நாய் வழி பார்க்காது. எங்கள் ஜிம்மி ஒரு தீபாவளிக்கு ஓடினவன், ஆறு நாள் கழித்து அடுத்த டிவிசனில் யார் வீட்டிலோ ஆட்டிறைச்சி எலும்போடு படுத்திருந்தான். வரமாட்டேன் என்றான்.

சவுக்குமரம் | ஒக்டோபர் 19, இரவு 7.45

தீபாவளி வாழ்த்துகள் எல்லோருக்கும்.

ஒன்றை மட்டும் எழுதிவிட்டுப் போகிறேன். ஒக்டோபர் கடைசி வந்தால் எனக்கு ராத்திரி மழைச் சத்தத்தில் தூக்கம் வராது. 2014 ஒக்டோபர் 29, கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயம் லயமாக மண் மூடியது. தங்கச்சி இருக்கும் இடத்திலிருந்து அது தூரமில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடுகிறது. சிவப்பு என்றால் வெளியேறுவது, யோசிப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் நாய் வைத்திருக்கிறவர்கள் யோசிப்பார்கள், அதுதான் பயம். பாடசாலைக் கட்டடத்தில் தங்க வைக்கும்போது ஏழு நாயோடு உள்ளே விடமாட்டார்கள். அதனால் செம்மஞ்சளிலேயே முடிவெடுங்கள். எங்கே கொண்டுபோய் விடுவது என்று இப்போதே ஒரு வீடு பேசி வையுங்கள். முடியாத பட்சத்தில் கொட்டில் கதவைத் திறந்துவிட்டுப் போங்கள். பூட்டிவிட்டு மட்டும் போகாதீர்கள். கதவு போடச் சொன்னவன் நான், அதனால் இதையும் நானே சொல்ல வேண்டும்.

பனிமூட்டம் | ஒக்டோபர் 21, இரவு 7.30

தீபாவளி நல்லபடி போனது. ஏழும் கொட்டிலுக்குள், நானும் அதுகளோடு பலகையில். டைகர், சிறுத்தையைக்கூடக் குரைத்து விரட்டுவான் என்று நான் நம்பியிருந்த டைகர், என் சேலைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நடுங்கினான். வெளியே ஒரு ஆள் கூப்பிடும் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தால் பக்கத்து வீட்டு அம்மா, கையில் பலகாரத் தட்டு. பேசவில்லை. தட்டைக் கொடுத்தார், உள்ளே எட்டிப் பார்த்தார், "கதவு போட்டிருக்கிறீர்களே" என்றார், போய்விட்டார். ஐயா சொன்ன அந்த வீடு இதுவாக இருக்க முடியுமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் கேட்கத் துணிச்சல் வரவில்லை. கோழி வைத்திருக்கிற வீடு.

இன்று கறுப்பியைக் காலை ஆறிலிருந்து குளியலறையில் பூட்டினேன். வாளி கவிழ்த்து, குழாயையும் துணியால் கட்டி. ஐந்து மணிக்கு வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் பீலித் தண்ணீர். முதலில் ஒன்றுமில்லை. அவள் குடிக்கப் பார்க்கிறாள், நான் இழுக்கிறேன். பத்து நிமிடம் கழித்து இடது துவாரத்திலிருந்து கறுப்பாக ஒன்று நீண்டது, தண்ணீரைத் தொட்டது, நான் கை கொண்டுபோனதும் உள்ளே போய்விட்டது. மூன்று தரம் அப்படி. நாலாவது தரம் காய்ந்த துணியால் பிடித்தேன். எவ்வளவு நேரம் பிடித்திருந்தேன் என்று தெரியாது, கை மரத்துவிட்டது. அதுவாக விட்டது. என் சுண்டுவிரல் நீளம், தம்பி. கறுப்பி ஒரு தும்மல் போட்டாள், என் முகமெல்லாம் இரத்தம், பிறகு கிண்ணத்துத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சோறு எங்கே என்று பார்த்தாள்.

ஊசிமருந்து | ஒக்டோபர் 21, இரவு 7.41

நன்றாகச் செய்தீர்கள். இரண்டு நாள் மூக்கைப் பாருங்கள், சில நேரம் இன்னொன்றும் இருக்கும். பீலியில் குடிப்பதை நிறுத்த முடியுமா?

பனிமூட்டம் | ஒக்டோபர் 22, காலை 6.05

பீலியை நிறுத்துவது பிறகு. மணி விடியற்காலையிலிருந்து தும்முகிறான்.